எண்ணெய் போடாத மோட்டார்

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற சாலையில், கரிசலும் காற்றாலையும் முடிகிற மாதிரித் தெரியும் இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. முகப்பு வளைவில் அதற்கு நான்கு வரி நீளப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அதை முழுதாகப் படித்தவர் எழுதிய பெயிண்டர் மட்டும்தான். பஸ் கண்டக்டர்கள், "எண்ணெய்க் காலேஜ்லாம் எறங்கு" என்பார்கள். பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் இறங்குவார்கள்.

இதைக் கேட்டுத் தாளாளர் ராஜதுரை அண்ணாச்சி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நல்லெண்ணெய் மில் வைத்து முன்னுக்கு வந்தவர் அவர். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரே காரணம், எண்ணெய் பற்றவில்லை என்பது அவருடைய தீர்மானம். மில்லில் தொடங்கிய அந்தத் தீர்மானம் கல்லூரிக்கு வந்தபோது கொள்கை ஆயிற்று. ‘உயவுக் கொள்கை’ என்று சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்தார்கள். "வளாகத்திலுள்ள அசையும் பொருள் அனைத்துக்கும் மாதந்தோறும் எண்ணெய் இடப்படும்" என்பது அதன் முதல் வாசகம். இரண்டாவது வாசகம் எண்ணெய் எந்த மில்லில் வாங்கப்படும் என்பதைச் சொல்லும்.

இதற்கென்றே முத்துமணி என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். மனிதர் கடமை தவறாதவர். கதவுக் கீல், மின்விசிறி, முதல்வரின் சுழல் நாற்காலி என்று ஆரம்பித்து, வேதியியல் ஆய்வகத்துத் தராசு வரைக்கும் எண்ணெய் விட்டிருக்கிறார். இயற்பியல் ஆய்வகத்தில் உராய்வை அளப்பதற்கு ஒரு சாய்வுப் பலகை உண்டு. அதற்கும் விட்டார். அன்றிலிருந்து அந்தச் சோதனையில் எல்லா மாணவருக்கும் ஒரே விடைதான் வருகிறது. தேர்ச்சி விகிதம் கூடியதற்காகத் துறைத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் மிஸ்ரியா உராய்வைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

மிஸ்ரியா கடையநல்லூர்க்காரி. கணவன் சித்தீக் சவூதியில், தம்மாமில் ஏ.சி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவள் தினமும் புளியங்குடி வழியாக பஸ் பிடித்து வந்து, பகலில் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் ஆய்வகத்தில் ஒரு சின்ன மோட்டாரோடு மல்லுக்கட்டுவாள். அந்த மோட்டார் பார்ப்பதற்கு ஐந்து ரூபாய் நாணயத்தை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள் கிடையாது, காந்தம் கிடையாது. அடியில் ஓர் உலோக வளையம். வளையத்தின் வயிற்றில் பீசோ என்கிற பீங்கானை ஒட்டியிருப்பார்கள். மின்சாரம் கொடுத்தால் பீங்கான் நடுங்கும், காதுக்கு எட்டாத வேகத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த நடுக்கம் அலையாகி வளையத்தைச் சுற்றி ஓடும். மேலே ஒரு சக்கரத்தை ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கும். அலையின் முகடு சக்கரத்தைத் தொட்டு, பிடித்து, இம்மி அளவு தள்ளி, அடுத்த முகட்டிடம் ஒப்படைக்கும். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு ரத வீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் நடக்க மாட்டோம், ஆனால் போய்க்கொண்டிருப்போம்.

வளையமும் சக்கரமும் தொடுகிற இடத்தில் எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது, ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தினால் ஓடும், எவ்வளவு அழுத்தினால் முறைத்துக்கொண்டு நின்றுவிடும் என்பதையெல்லாம் கணக்காக எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு. மாடல் என்பார்கள். பல வருஷம் அது பொருந்தவே இல்லை. பிறகு பொருந்தியது. பொருந்திய அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பக்கத்து ஸீட் அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அத்தனைக்கும் ஆதாரம் உராய்வு. தொடுகிற இடத்தில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்றும் ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டிருந்தாள். கோடு சடாரென்று கீழே விழுந்து சுழியத்தில் படுத்துவிடும். விட்டுப்போனது என்று யாரும் சொல்லக்கூடாதே என்பதற்காகப் போட்ட பக்கம் அது. அவ்வளவு தூரம் யாரும் படித்துக்கொண்டு வரப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மே மாதத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்காதவர்கள் ஜூனில் கல்லூரிக்கு வரவேண்டியதில்லை என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வாய்மொழித் தேர்வில் மோட்டாரை ஓட்டிக் காட்ட வேண்டும். மோட்டார் இருந்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. இன்னொன்று வருவதற்குள் அடுத்த ஆடித்தபசே வந்துவிடும்.

எண்ணெய் விடுகிற நாளில் மோட்டாரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது மிஸ்ரியாவின் வழக்கம். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், தர உறுதி மையத்தின் டீன் ஆனந்தகுமார், முத்துமணியைப் பின்னால் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். முத்துமணி கையில் எண்ணெய்க் கேன் இருந்தது.

"என்னம்மா இது?"

"மோட்டார் சார்."

"மோட்டாரா? உயவுப் பட்டியல்ல காணுமே?"

"இதுக்கு எண்ணெய் போடக்கூடாது சார். இது உராய்வுலதான் ஓடுது."

ஆனந்தகுமார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உராய்வுல நிக்கும்மா. எண்ணெயிலதான் ஓடும். இது எட்டாங் கிளாஸ் பாடம்லா."

"சார், தரை வழுக்கிச்சுன்னா நம்மளால நடக்க முடியுமா? அதே மாதிரிதான்."

"நான் எதுக்கும்மா வழுக்குத தரையில நடக்கப் போறேன்? செருப்புப் போட்டிருக்கேம்லா?"

மிஸ்ரியா எழுதிய ஆராய்ச்சி முறையியல் தேர்வில் இந்தக் கேள்வி வரவில்லை. அவள் அடுத்த உதாரணத்தைத் தேடுவதற்குள் முத்துமணி கேனைச் சாய்த்தார்.

"ஒரே ஒரு சொட்டு மேடம். எனக்கும் மாசக் கணக்கு முடியணும்லா."

மிஸ்ரியா பாய்ந்து இரண்டு கையாலும் மோட்டாரை மூடிக்கொண்டாள். சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. ஆனந்தகுமாருக்கு முகம் மாறிவிட்டது. எண்ணெயை மறுத்த முதல் இயந்திரம், அதற்குத் துணைபோன முதல் ஊழியர் என்று இரண்டு குற்றத்தை ஒரே அறையில் கண்டுபிடித்த திருப்தியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. அன்று மாலையே ‘எண்ணெய் மறுப்பு விசாரணைக் குழு’ அமைக்கப்பட்டது.

மிஸ்ரியா தன் நெறியாளர் ஞானபூரணம் மேடத்திடம் ஓடினாள். மிஸ்ரியா எழுதிய ஆய்வுக் கட்டுரை எல்லாவற்றிலும் முதல் பெயர் மேடத்தின் பெயர்தான். ஒரு கட்டுரையில் மட்டும் இரண்டாவதாகப் போய்விட்டது. அதற்காக மேடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

"நீ சொல்லுதது சரிதான் மிஸ்ரியா" என்றார் மேடம். "ஆனா சரின்னு நான் எங்கனயும் சொல்ல முடியாது."

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மாடல் உங்களுக்கு நல்லாத் தெரியும்லா?"

"உன் மாடலை நான் தெறந்தே பார்த்ததில்லம்மா. அதனாலதான் அது மேல எனக்கு முழு நம்பிக்கை. பார்த்திருந்தேன்னா சந்தேகம் வந்திருக்கும்." மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எண்ணெய எதிர்த்து இந்தக் காலேஜ்ல யாரும் புரொபசர் ஆனதில்ல, பாத்துக்கோ."

விசாரணைக் குழு மறுவாரம் வந்தது. டீன் தலைவர். உடற்கல்வி இயக்குநர், வேலைவாய்ப்பு அதிகாரி, எண்ணெய் விஷயத்தில் அனுபவசாலி என்ற வகையில் கேன்டீன் காண்டிராக்டர் ஆகியோர் உறுப்பினர்கள். மிஸ்ரியா ஸ்விட்சைப் போட்டாள். சக்கரம் சுற்றியது. குனிந்து பார்த்தார்கள்.

"போட்டாச்சா?" என்றார் உடற்கல்வி இயக்குநர்.

"ஓடிக்கிட்டு இருக்கு சார்."

"சத்தத்தைக் காணுமே?"

"மனுசக் காதுக்குக் கேக்காது சார். நாய்க்கு வேணா கேக்கலாம்."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். குழு அதைப் பிடித்துக்கொண்டது. ஆளனுப்பி, வாட்ச்மேன் வளர்க்கிற நாயைக் கூட்டிக்கொண்டுவரச் செய்தார்கள். நாய் மோட்டாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேன்டீன் காண்டிராக்டரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் படுத்துவிட்டது. ‘சாட்சி ஒருதலைப்பட்சமானது, ஒலி நிரூபிக்கப்படவில்லை’ என்று டீன் எழுதிக்கொண்டார். ஓட்டத்துக்கு ஒரு சத்தம் வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள், கைப்பேசியில் மாவு மில் சத்தத்தைப் பதிவுசெய்து பக்கத்தில் ஓடவிடலாம் என்று வேலைவாய்ப்பு அதிகாரி யோசனை சொன்னார். மாணவர்களுக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் தயாரிப்பவர் அவர்தான்.

பிறகு டீன் ஆய்வேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உராய்வுக் குணகம் புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு?"

"ஆமா சார்."

"காலேஜுக்கு கிரேடு போட தரச்சான்றுக் குழு வர்ற நேரத்துல புள்ளி ரெண்டா? நம்ம காலேஜ்ல பாஸ் மார்க்கே ஐம்பது. குணத்துக்கு இவ்வளவு கம்மியா போட்டா வர்றவன் என்ன நெனைப்பான்? புள்ளி ஒம்பதுன்னு மாத்துங்க."

"அது அளந்த எண் சார். மாத்த முடியாது."

"அளந்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப உங்க கையிலதான இருக்கு? மனசு வைங்க."

மிஸ்ரியா மனசு வைக்கவில்லை. வெளியே போய் அரை மணி நேரம் விவாதித்த குழு, ரொம்பப் பெருந்தன்மையான ஒரு சமரசத்தோடு உள்ளே வந்தது. வாய்மொழித் தேர்வு வரை மோட்டாருக்கு எண்ணெய் போடப்படாது. தேர்வன்று, தரச்சான்றுக் குழுவின் முன்னிலையில், தாளாளர் தம் கையாலேயே ஊற்றுவார். அதற்குப் பிறகு மோட்டார் ஓட்டிக் காட்டப்படும்.

"சார், முதல்ல ஓட்டிக் காட்டிட்டு அப்புறம் ஊத்திக்கிடலாமே?" என்று கெஞ்சினாள் மிஸ்ரியா.

"நிகழ்ச்சி நிரல் பிரஸ்ஸுக்குப் போயிட்டும்மா" என்றார் டீன்.

அந்த நாளும் வந்தது. கருத்தரங்கக் கூடத்தில் தரச்சான்றுக் குழுவினர் முதல் வரிசையில் முந்திரிப் பருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். வெளித் தேர்வாளராக வந்திருந்தவர் வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் பேராசிரியர். சங்கரன்கோவில் பிரியாணியைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். ஆய்வேட்டைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டார். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று இரண்டு முறை நினைவுபடுத்தினார்.

விளக்கேற்றினார்கள். மில் எண்ணெய் நன்றாக எரிந்தது. தாளாளர் ராஜதுரை பேச எழுந்தார்.

"நான் படிக்காதவன். அதனாலதான் காலேஜ் நடத்துதேன்" என்று தொடங்கினார். கை தட்டினார்கள். "என் மில்லுல ஒரு மெஷினும் முக்கி மொனங்கினது கெடையாது. இங்கனயும் அப்படித்தான். வாத்தியார்மாரு மொனங்கப்படாது, பெத்தவங்க மொனங்கப்படாது. உள்ள வந்த பிள்ள நாலு வருசத்துல எங்கனயும் முட்டாம மோதாம வழுக்கிக்கிட்டு வெளிய போயிரணும். தலையில ஒண்ணும் ஒட்டப்படாது. அதுதான் நம்ம காலேஜோட தரம்!"

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. தரச்சான்றுக் குழுத் தலைவர் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

ராஜதுரை மேசைக்கு வந்தார். முத்துமணி பித்தளைக் கிண்ணத்தை நீட்டினார். ஒரு சொட்டு என்று பேச்சு. ஆனால் தாளாளருக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழக்கமில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தார். எண்ணெய் சக்கரத்தில் விழுந்து, ஸ்பிரிங்கில் இறங்கி, வளையத்தில் பரவி, வெள்ளை மேசைவிரிப்பில் மஞ்சளாக ஊறியது. மிஸ்ரியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எத்தனை பஸ், எத்தனை பெருநாள் விடுப்பு, எத்தனை முறை "இன்னும் கொஞ்ச நாள் மச்சான்" என்று சித்தீக்கிடம் போனில் சொன்னது, எல்லாம் அந்த மேசைவிரிப்பில் வடிந்துகொண்டிருந்தது.

"ஸ்விட்சைப் போடும்மா" என்றார் தாளாளர்.

போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் எண்ணெய்க்குள் சுகமாகப் படுத்திருந்தது.

"ஓடுதா?" என்று தாளாளர் டீனைக் கேட்டார்.

"அருமையா, அமைதியா இருக்கு சார்" என்றார் டீன். மறுபடியும் கைதட்டினார்கள்.

வெளித் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மன்னிக்கணும், அது சுற்றுகிற மாதிரித் தெரியவில்லையே?"

கூடம் மிஸ்ரியாவைத் திரும்பிப் பார்த்தது. ஞானபூரணம் மேடம் கண்ணாலேயே சொன்னார்: சுத்துது, கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. சொல்லிவிட்டால் பட்டம் கையில். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதானே, அதையே கொஞ்சம் நீட்டினால் போதும். ஒரு கணம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. புறங்கையில் எண்ணெய் விழுந்த அந்த நாள் நினைவுக்கு வந்ததும் ஆசை போய்விட்டது.

"சுத்தல சார்" என்றாள். "எண்ணெய் ஊத்திட்டாங்க. அதான் சுத்தல."

முந்திரிப் பருப்பு கடிபடும் சத்தம்கூட நின்றது. போனது போகட்டும் என்று மிஸ்ரியா ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திரையில் போட்டாள். "இதுல எழுதியிருக்கேன் சார். தொடுற இடத்துல எண்ணெய் படலம் வந்தா சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ள ஒண்ணும் இருக்காது. மாடல் கணக்குப்படி வேகம் சுழியம்."

தேர்வாளர் திரையைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார்.

"சோதனையில் வந்த வேகம்?"

"சுழியம் சார். பாக்குறீங்கள்ல?"

"அப்படியானால், மாடலுக்கும் சோதனைக்கும் உள்ள வித்தியாசம்?"

மிஸ்ரியா கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் சுழியம்தான் சார்."

தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தம் அனுபவத்தில் இவ்வளவு துல்லியமான பொருத்தத்தைப் பார்த்ததே இல்லை என்றார். அவர் உட்காருவதற்குள் ஞானபூரணம் மேடம் எழுந்து, "இது நாங்கள் உருவாக்கிய மாடல்" என்றார். டீன் எழுந்து, எண்ணெய்ச் சோதனை தம் குழுவின் நெடுநாள் யோசனை என்றார். தாளாளர் இருவரையும் கையமர்த்தினார்.

"அப்ப எண்ணெய் வேலை செஞ்சிருக்கு, என்ன?"

"நூற்றுக்கு நூறு" என்றார் தேர்வாளர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

தரச்சான்றுக் குழுவினர் மோட்டாரைச் சுற்றி நின்று ஆராய்ந்தார்கள். சத்தமில்லை, சூடில்லை, தேய்மானமில்லை, விபத்துக்கு வாய்ப்பே இல்லை. இப்படி ஒரு பாதுகாப்பான மோட்டாரை வேறெந்தக் கல்லூரியிலும் கண்டதில்லை என்று பாராட்டி, ‘மோட்டார் சுற்றவில்லை, அசைவு சுழியம்’ என்ற அறிக்கையில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தாளாளர் போட்டார். டீன் பச்சை மையில் போட்டார். மிஸ்ரியாவுக்குப் பொன்னாடை போர்த்தி, மில்லில் பிடித்த ஒரு டின் நல்லெண்ணெயும் பரிசளித்தார்கள்.

டின்னைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கடையநல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சித்தீக் கூப்பிட்டான்.

"என்னாச்சு?"

"பாஸ் மச்சான். டாக்டர் ஆயிட்டேன்."

"மாஷா அல்லாஹ்! மோட்டாரு நல்லா ஓடிச்சா?"

"ஓடல."

"ஓடலையா? ஓடாமலா பட்டம் குடுத்தானுவ?"

"ஓடியிருந்தாத்தான் குடுத்திருக்க மாட்டாங்க போல."

சித்தீக் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "இத்தனை வருசமா ஓட வச்சேன் மச்சான். ஓடினத ஒருத்தரும் கண்டுக்கல" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனாள். மோட்டாரைப் பிரித்தாள். சக்கரம், ஸ்பிரிங், வளையம் என்று ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்து, மறுபடியும் துடைத்தாள். பூட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள். சக்கரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சுற்றத் தொடங்கியது. அவளுக்கு வந்த சந்தோஷம் நேற்று டாக்டர் என்று கூப்பிட்டபோதுகூட வரவில்லை.

கதவு திறந்தது. டீன் ஆனந்தகுமாரும் முத்துமணியும் வந்தார்கள். முத்துமணியின் கையில் கேன். டீன் கையில் நேற்றைய அறிக்கை, ஆய்வகத்தில் மாட்டுவதற்காகக் கண்ணாடிச் சட்டம் போட்டு.

"என்ன டாக்டரம்மா, இது சுத்துது!" டீன் பதறிப்போனார். "சுத்தலன்னுதான அப்ரூவல் ஆயிருக்கு? ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சா சான்றிதழுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? முத்துமணி, ஊத்துங்க!"

முத்துமணி கேனைச் சாய்த்தார். இந்த முறை மிஸ்ரியா பாயவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், இது சுத்தல."

"கண்ணு முன்னால சுத்துதேம்மா!"

"நீங்க பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார், அசைவு சுழியம்னு. அதுக்கு மேல தாளாளர் போட்டிருக்காங்க. அவங்க பொய்யா போட்டிருப்பாங்க?" அவள் நிதானமாகப் பேசினாள். "நம்ம கொள்கையில அசையும் பொருளுக்குத்தான எண்ணெய் விடணும்? அசையாததுக்கு விட்டா ஆடிட்ல கேக்க மாட்டாங்களா?"

ஆனந்தகுமார் மோட்டாரைப் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அறிக்கையைப் பார்த்தார். தாளாளரின் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. மறுபடியும் மோட்டாரைக் குனிந்து பார்த்தார். மனிதர் நேர்மையாகவே யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சரிதாம்மா" என்றார் கடைசியில், நிமிர்ந்துகொண்டு. "சுத்தல."

"அப்ப இத பட்டியல்லேருந்து எடுத்துரலாமா சார்?" என்றார் முத்துமணி.

"எடுத்துருங்க."

அறிக்கையை மோட்டாருக்கு நேர் மேலே, சுவரில் மாட்டினார்கள். போகிற போக்கில் கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு விடச் சொன்னார் டீன். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அறிக்கைக்குக் கீழே மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது.